சொலோமியா வீட்டுப் படிகள்

2019 அக்டோபரில் நான் லிவிவ் போனதற்கும் ஓபரா என்ற மேற்கத்திய இசை நாடகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அக்கா மகன் அங்கே மருத்துவம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். "அவன் ஒழுங்கா சாப்பிடுறானான்னு பார்த்துட்டு வா" என்று அக்கா இரண்டு கிலோ பருப்புப்பொடியைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். போருக்கு முந்தைய காலம். மேற்கு உக்ரைனுக்கு அப்படி ஒரு காரணத்துக்காகவும் போய்வர முடிந்தது.

முதல் நாள் மாலை அவன் என்னை ஊரின் நடுவில் இருக்கும் அகன்ற சாலைக்குக் கூட்டிப்போனான். அதன் கோடியில் ஓபரா மாளிகை. உச்சியில் சிறகு விரித்த சிலைகள், முகப்பெங்கும் பூவேலை, எதிரே நீரூற்று. ஜிக்மண்ட் கோர்கோலெவ்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1900 அக்டோபரில் திறந்தது. கீழே பொல்த்வா என்ற ஆறு ஓடுகிறது. அதைப் பூமிக்கடியில் தள்ளிவிட்டு மேலே இதை எழுப்பியிருக்கிறார்கள். அப்புறம்தான் பெயரைக் கேட்டேன். சொலோமியா குருஷெல்னித்ஸ்கா ஓபரா அரங்கு.

"யாருடா அது?"

"பாட்டுப் பாடுறவங்க சித்தி. இங்க பெரிய ஆள். அவங்க பேர்ல ஒரு தெருவே இருக்கு, அதுல அவங்க வீடும் இருக்கு."

அன்றிரவு அரங்கில் பாலேதான் நடந்தது. பாடகி பெயர் வைத்த இடத்தில் யாரும் வாய் திறக்காத நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். தூக்கம் வரவில்லை. அறையில் படுத்தபடி கைபேசியில் அந்த அம்மாவைப் பற்றி வாசிக்க ஆரம்பித்ததில் விடிந்துவிட்டது.

1872ல் தெர்னோபில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அப்பா கிரேக்கக் கத்தோலிக்கப் பாதிரியார். (அந்தச் சபையில் பாதிரியார்கள் குடும்பம் நடத்தலாம்.) லிவிவ் இசைக்கல்லூரியில் வலேரி விசோத்ஸ்கியிடம் படித்து, 1893ல் தொனிசெத்தியின் 'லா ஃபவோரிட்டா'வில் மேடையேறினார். இப்போதைய மாளிகை அப்போது கிடையாது. அதே சமயத்தில் ஜெம்மா பெல்லின்சியோனி என்ற இத்தாலியப் பாடகி இவரைக் கேட்டுவிட்டு, மிலானுக்குப் போகச் சொன்னாராம். போனார். அதுவரை மெஸ்ஸோ என்று, அதாவது சற்றுத் தாழ்ந்த பெண்குரலுக்கு, பழக்கிய தொண்டை. மிலானில் ஃபவுஸ்தா கிரெஸ்பியிடம் மறுபடி முதலிலிருந்து பயின்று, உச்ச ஸ்தாயிக்கான சொப்ரானோவாகத் திரும்பி வந்தார். மேடையேறிப் பெயரும் வாங்கிய பிறகு இன்னொருவர் முன்னால் போய் மாணவியாக உட்காருவதற்குத் தனி மனசு வேண்டும்.

எல்லோரும் சொல்லும் கதை 1904ல் நடந்தது. பிப்ரவரியில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் இசையமைப்பாளர் புச்சினியின் 'மதாமா பட்டர்ஃபிளை' ஓபரா முதல்முறை அரங்கேறியபோது கூட்டம் கத்திக் கூச்சல் போட்டுக் கெடுத்துவிட்டது. பறவை மாதிரியும் மிருகம் மாதிரியும் சத்தம் எழுப்பினார்களாம். ஒரே நாள் நிகழ்ச்சியோடு புச்சினி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நீண்டுகிடந்த இரண்டாம் பகுதியைப் பிளந்து, அங்கங்கே வெட்டித் திருத்தினார். மூன்று மாதம் கழித்து பிரெஸ்சியா என்ற சிறிய ஊரில் மறுபடி மேடையேற்றியபோது நாயகி சொலோமியா. அரங்கு ஆர்ப்பரித்தது. அதற்குப் பிறகு அந்த ஓபரா விழவே இல்லை. இசையைத் திருத்தியது புச்சினிதான், முழுப் பெருமையையும் பாடகிக்கே கொடுத்தால் நியாயமில்லை. ஆனால் ஒருமுறை நாறிப்போன வேடத்தை மூன்றே மாதத்தில் வாங்கிப் போட்டுக்கொள்ளத் துணிந்தவர் இவர்.

எனக்குப் பிடித்தது வேறொரு கதை. 1906 டிசம்பரில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'சலோமே' ஓபராவை இத்தாலியில் முதலில் யார் போடுவது என்று இரண்டு ஊர்களுக்குப் போட்டி. தூரினில் இசைக்குழுவை ஸ்ட்ராஸே நடத்துகிறார். மிலானில் தொஸ்கானினி. சில நாள் இடைவெளியில் இரண்டும் நடந்தன. மிலானில் நாயகி சலோமேயாகப் பாடியது நம் சொலோமியா. தூரினின் சலோமே யார் தெரியுமா? இவரை மிலானுக்குப் போகச் சொன்ன அதே பெல்லின்சியோனி!

1910ல் சேசரே ரிச்சியோனி என்ற இத்தாலிய வழக்கறிஞரை மணந்தார். வியாரெஜ்ஜோ கடற்கரை ஊரில் சொந்த மாளிகை. இத்தாலியர்களுக்குப் பெயர் வாயில் நுழையாமல் சுவரொட்டிகளில் 'குருஷெனிஸ்கி' என்று சுருக்கிவிட்டார்கள். 1920 வாக்கில் ஓபரா போதும் என்று நிறுத்திக்கொண்டு கச்சேரிகள் மட்டும் செய்தார். அவற்றில் உக்ரைன் நாட்டுப்பாடல்கள் தவறாமல் இருந்தன.

கடைசி நாள் காலையில் டிராம் பிடித்து லிச்சாகிவ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கவிஞர் இவான் ஃபிராங்கோவின் கல்லறைமேல் பாறையை உடைக்கும் மனிதனின் சிலை நிற்கிறது. அவர் சொலோமியாவின் நண்பர். இவரும் பக்கத்திலேயே இருக்கிறார். மழை தூறியதால் அதிக நேரம் நிற்கவில்லை. நான் போட்டுப்போன செருப்புக்கும் அந்த ஊர்க் கருங்கல் பாவிய பாதைகளுக்கும் ஒத்துவரவும் இல்லை.

மதியம் வீடு. ஃபிராங்கோ பூங்காவை ஒட்டிய தெரு, 23ஆம் எண். பழைய மாடிக் கட்டடம். 1903ல், கையில் இத்தாலியச் சம்பாத்தியம் வந்தபோது முழுக் கட்டடத்தையும் வாங்கியிருக்கிறார். அருங்காட்சியகமாக 1989ல் திறந்தது ஒரு குடியிருப்பை மட்டும்தான். ஏன் என்று படியேறும்போது தெரியவில்லை. உள்ளே போனபின் புரிந்தது.

கணவர் இறந்த பிறகு, 1939 ஆகஸ்டில் உறவினர்களைப் பார்க்க இத்தாலியிலிருந்து வந்தார். கோடை விடுமுறை மாதிரிதான். செப்டம்பரில் போர் மூண்டது, சோவியத் படை லிவிவுக்குள் வந்தது, எல்லை மூடிக்கொண்டது. வீடு அரசுடைமை. இவருக்கு மிச்சம் விட்டது ஒரு தளத்துக் குடியிருப்பு. பிறகு ஜெர்மானியர்கள் வந்தார்கள், போனார்கள், சோவியத் திரும்பியது. அந்த வருடங்களில் லா ஸ்காலாவின் சலோமே இந்த அறைகளில் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார்.

1944ல் தான் படித்த இசைக்கல்லூரியிலேயே ஆசிரியர் வேலை. வயது 72. அங்கேயும் நிம்மதி இல்லை. சோவியத் அரசு 'தேசியவாதிகளை' வடிகட்டிய காலத்தில், இவரிடம் கல்லூரிச் சான்றிதழ் இல்லை என்று கிளப்பியிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் பின்னாளில் ஓர் அருங்காட்சியகச் சேமிப்பில் கிடைத்ததாம். வியாரெஜ்ஜோ மாளிகையும் கைவிட்டுப் போனது. பேராசிரியர் பட்டம் 1952ல் வந்தது. அந்த நவம்பரிலேயே இறந்துபோனார்.

உள்ளே படங்கள், சுவரொட்டிகள், ஒரு பியானோ. நான் அதிக நேரம் நின்றது ஜன்னலருகில். மாணவர்கள் பாடம் முடிந்து இந்தத் தெருவில்தான் இறங்கிப் போயிருப்பார்கள். அக்கா மகன் கைபேசியில் 1928ல் அமெரிக்காவில் பதிவான நாட்டுப்பாடல் ஒன்றைத் தேடிப் போட்டான். ஒரே கரகரப்பு. அதற்குள்ளிருந்து குரல் கொஞ்சமும் அவசரப்படாமல் மேலே போனது. மொழி எனக்குப் புரியவில்லை. அவனுக்குப் பாதி புரிந்தது. "ஆடு மேய்க்கிற பாட்டு மாதிரி இருக்கு சித்தி" என்றான்.

இறங்கும்போது படிக்கட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை. கீழ்க்கதவு ஒன்றின் பின்னால் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கட்டடம் முழுக்க அவங்களுதுதானே சித்தி?"

"அவங்களுதுதான்" என்றேன்.