ஒன்பது வினாடி

"இவ்வளவுதானா?"

தீயணைப்பு சிலிண்டரை வாழ்க்கையில் முதல்முறையாக அழுத்திப் பார்த்தவர்கள் பெரும்பாலும் என்னிடம் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். கையில் காலி சிலிண்டர், எதிரே மெல்ல அடங்கும் வெள்ளைப் புழுதி, முகத்தில் ஏமாற்றம். வீட்டுக்கென்று வாங்கும் ஒரு கிலோ பவுடர் சிலிண்டர் எட்டிலிருந்து பத்து வினாடிக்குள் தீர்ந்துவிடும். சுவரில் பல ஆண்டுகள் கம்பீரமாகத் தொங்கிய பொருளுக்கு உள்ளே இருந்தது அவ்வளவுதான்.

சிலிண்டர்களைச் சோதித்து, பவுடர் மாற்றி, மறுபடி அழுத்தம் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். தொழிற்சாலைகளில் இந்த வேலை சுலபம். எந்தத் தூணில் எந்த எண்ணுள்ள சிலிண்டர் என்று பதிவேடு சொல்லிவிடும். வீடுகளில் சிலிண்டரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. "எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் கணவர் மனைவியைப் பார்ப்பார்; மனைவி மகனைப் பார்ப்பார். கடைசியில் பரணிலிருந்து, பிரிக்காத அட்டைப் பெட்டியோடு இறங்கி வரும். இல்லையென்றால் துடைப்பமும் குடையும் சாய்த்துவைத்த மூலையிலிருந்து தூசியோடு வெளிப்படும். ஒரு வீட்டில் வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தார்கள். நான் சிரித்ததைப் பார்த்து வீட்டுக்காரர் கூச்சப்பட்டார். உண்மையில் நான் அன்று பார்த்த வீடுகளில் சிலிண்டர் சரியான இடத்தில் இருந்தது அங்கே மட்டும்தான். வெளியேறும் வழியில், கைக்கு எட்டும்படி, எல்லோர் கண்ணிலும் படும்படி.

சிலிண்டரின் கழுத்தில் இருக்கும் முள்ளைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முள் பச்சையில் நின்றால் நல்லது, சிவப்பில் நின்றால் கெட்டது. ஆனால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்பதை மட்டும்தான் முள் சொல்லும். பவுடரின் நிலை அதற்குத் தெரியாது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற பவுடர் அடியில் படிந்து இறுகும். ஈரம் புகுந்திருந்தால் கட்டியாகிவிடும். அப்போது அழுத்தினால் வாயு மட்டும் சீறிக்கொண்டு வெளியேறும். பவுடர் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். நான் முள்ளைப் பார்த்ததும் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்ப்பேன். நல்ல பவுடர் தண்ணீரைப் போலச் சரிந்து வருவது கைக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் ரப்பர் சுத்தியலால் அடிப்பகுதியைத் தட்டிப் பார்ப்பேன். அதற்கும் அசையாவிட்டால் முள் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்தச் சிலிண்டரைக் கழற்றிவிடுவேன். நாசிலுக்குள் குளவி கூடு கட்டியிருந்த சிலிண்டர்களும் உண்டு. அவற்றிலும் முள் பச்சைதான்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் நிரப்பத்தான் வேண்டும். மின்கருவிகளுக்கு அது அருமையானது, துளிக்கூட மிச்சம் வைக்காது. ஆனால் சிறிய, மூடிய அறையில் தீயை மட்டுமல்லாமல் நம் மூச்சையும் அது திணறடிக்கும். அடிக்கும்போது ஊதுகுழலைக் கையால் பிடித்தால் தோல் உறைந்து கொப்புளமாகும். வெளியே வரும் வெண்பனியின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி. வீட்டுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

இன்னொரு வகை வாடிக்கையாளர் உண்டு. "கொஞ்சம்தான் அடித்தேன், மீதி அப்படியே இருக்கிறது" என்பார். ஒரே ஒரு வினாடி அழுத்தினாலும் வால்வின் விளிம்பில் பவுடர் துகள் சிக்கிக்கொள்ளும். அதன் பிறகு வால்வு முழுதாக மூடாது. காற்று யாருக்கும் கேட்காமல் கசிந்து, ஓரிரு நாளில் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அவர் மறுபடியும் சுவரில் மாட்டியது, வெறும் பவுடர் நிரம்பிய ஒரு இரும்புக் குடுவையை.

இந்தப் பவுடர் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். மஞ்சள் நிறத்திலும் வெளிர்நீல நிறத்திலும் பார்த்திருப்பீர்கள். மரத்திலும் துணியிலும் விழுந்தால் சூட்டில் உருகி, ஏடுபோலப் படர்ந்து, காற்று புகாமல் மூடிவிடும். அதனால்தான் கட்டில் மெத்தை, எண்ணெய், மின்சாரம் என்று பல வகைத் தீக்கும் ஒரே சிலிண்டர் போதும் என்கிறார்கள். சோடியம் பைகார்பனேட் பவுடருக்கு இந்தக் குணம் இல்லை. இரண்டையும் தவறிக்கூட ஒரே சிலிண்டரில் கலந்துவிடக் கூடாது. ஒன்றோடொன்று வினைபுரிந்து உள்ளேயே வாயு உண்டாகிவிடும். பட்டறையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. இரண்டாவது பாடம், தீ அணைந்த மகிழ்ச்சியில் பவுடரை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பது. ஈரத்தோடு சேர்ந்தால் அது உலோகத்தை அரித்துவிடும்.

ஒரு பழைய வீட்டில் மாடிப்படிச் சுவரில் கம்பிக் கூண்டுக்குள் சிவப்புக் கண்ணாடி உருண்டை ஒன்றைப் பார்த்தேன். அலங்கார விளக்கு என்று மூன்று தலைமுறையாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். மங்கிப்போன சீட்டில் கார்பன் டெட்ராகுளோரைடு என்று இருந்தது. தீயைப் பார்த்தால் எறிந்து உடைக்க வேண்டிய பழங்காலத்துத் தீயணைப்பான் அது. அந்த திரவம் நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. குழந்தைகள் பந்து விளையாடும் கூடத்துக்கு மேலே அது தொங்கிக்கொண்டிருந்தது! அதைத் தொடாமல் ஆட்களை வெளியே அனுப்பி, அபாயக் கழிவுகளை எடுப்பவர்களை வரவழைத்தோம். அதைவிடப் பழையது மான்பியின் கருவி. 1818-ல் ஜார்ஜ் வில்லியம் மான்பி செய்துகாட்டியது, பொட்டாசியம் கார்பனேட் கரைசலும் அழுத்திய காற்றும் அடைத்த செப்புக் கலம். அதைத் திறந்து பார்த்தால் எனக்கு எதுவும் புதிதாக இருக்காது. ஒரு கலம், ஒரு வால்வு, வெளியேறத் துடிக்கும் காற்று. இருநூறு ஆண்டில் அடிப்படை மாறவில்லை.

இவ்வளவு தெரிந்தவன் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் சமையலறையில் அடுப்புக்கு நேர் பின்னால் சுவரில் ஒரு கொக்கி ஏற்கெனவே இருந்தது. புதிதாகத் துளையிடச் சோம்பல்பட்டு அதிலேயே சிலிண்டரை மாட்டியிருந்தேன். ஒருநாள் வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது யாரோ அழைத்து மனைவி நகர்ந்துவிட்டாள். சமையல் எண்ணெய் ஏறக்குறைய 360 டிகிரியைத் தொட்டால் நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். நான் ஓடி வந்தபோது முழங்கை உயரத்துக்குச் சுடர் நின்றது. என் சிலிண்டர் அதற்குப் பின்னால் இருந்தது. எடுக்க வேண்டுமானால் நெருப்புக்குள் கையை நீட்ட வேண்டும். அடுத்தவர் வீட்டில் இதைப் பார்த்திருந்தால் அரைமணி நேரம் உபதேசம் செய்திருப்பேன். அன்று வாயடைத்து நின்றேன். அவள் அடுப்பின் திருகை மூடினாள். பெரிய தட்டு ஒன்றை எடுத்துப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை மூடினாள். சுடர் போயிற்று. பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் சிலிண்டரை எடுத்துக்கொண்டுபோய் வாசலில் மாட்டுங்கள்" என்றாள்.

அவள் செய்ததுதான் சரி. தண்ணீர் ஊற்றியிருந்தால் அது எண்ணெய்க்கு அடியில் போய், ஒரே நொடியில் ஆயிரத்து எழுநூறு மடங்கு நீராவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி அடித்திருக்கும். பவுடரை அருகில் நின்று அடித்திருந்தாலும் அந்த வேகத்தில் எண்ணெய் சிதறியிருக்கலாம். அதோடு பவுடர் எண்ணெயைக் குளிரவைக்காது. அணைந்ததுபோலத் தோன்றி மறுபடி பற்றிக்கொள்ளும். எண்ணெய்த் தீக்கென்றே ஈர ரசாயனச் சிலிண்டர் இருக்கிறது. அதிலுள்ள பொட்டாசியம் உப்பு எண்ணெயின் மேற்பரப்பைச் சோப்பாக்கி மூடிவிடும். ஆனால் ஒரு வாணலிக்குத் தட்டோ தீப்போர்வையோ போதும். மூடிய பின் ஆவலில் தூக்கிப் பார்க்காமல் இருப்பதுதான் கடினம். முழுதாக ஆறும்வரை அது அப்படியே கிடக்க வேண்டும்.

எரிவாயுக் கசிவில் எரியும் சுடரை மட்டும் இப்படி அவசரப்பட்டு அணைக்கக் கூடாது. முதலில் வால்வு. வால்வை மூடாமல் சுடரை அணைத்தால், எரிந்துகொண்டிருந்த வாயு எரியாமல் தரையோடு தரையாக அறை முழுவதும் பரவும். அடுத்த பொறிக்கு அறையே காத்திருக்கும்.

என்னிடம் "வீட்டுக்கு முதலில் எதை வாங்குவது?" என்று கேட்பவர்களிடம் சிலிண்டர் என்று நான் சொல்வதில்லை. புகை உணர்வியைத்தான் சொல்வேன். சிலிண்டர் விற்றுப் பிழைப்பவன் இப்படிச் சொல்லலாமா என்று சக ஊழியர் ஒருவர் கோபித்துக்கொண்டார். விழித்திருக்கும் ஆளுக்குத்தான் சிலிண்டர் உதவும். தூங்குபவரைப் புகையின் நெடி எழுப்பிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. எழுப்பக்கூடியது சத்தம் மட்டுமே. மெத்தையும் சோபாவும் புகைந்து புகைந்து எரிவதை ஒளியால் கண்டறியும் வகை சீக்கிரம் பிடித்துவிடும், அதனால் படுக்கையறைப் பக்கத்துக்கு அதுவே நல்லது. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகளில் கருவியையே மாற்ற வேண்டும். ஒரு வீட்டில் உணர்வி கூரையில் அழகாக இருந்தது. பேட்டரி மட்டும் மகனின் பொம்மை வண்டியில் இருந்தது. "அடிக்கடி கீச்சென்று கத்தியது, தொல்லையாக இருந்தது" என்றார்கள். பேட்டரி தீரப்போகிறது என்றுதான் அது கத்தியிருக்கிறது.

தொழிலில் நானாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. பவுடர் மாற்ற வேண்டிய சிலிண்டரை எப்படியும் காலிசெய்யத்தான் வேண்டும். பட்டறையில் காலிசெய்வதற்குப் பதிலாக வீட்டுக்காரர்களிடமே கொடுத்து, வெளியே திறந்த இடத்தில் அழுத்தச் சொல்ல ஆரம்பித்தேன். அதில் நான் கற்றது, சொல்லிக்கொடுத்த ஆண்டுகளில் கற்றதைவிட அதிகம். பத்தில் எட்டுப் பேர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் செருகியிருக்கும் பாதுகாப்புப் பின்னை இழுப்பார்கள். அந்தப் பின் வராது. இறுக்கிப் பிடித்தால் அது நெருக்கப்பட்டு அங்கேயே சிக்கிக்கொள்ளும். கைப்பிடியைத் தளர்த்தி, முறுக்கி இழுத்தால் சீல் அறுந்து தானே வரும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இதைத் தெரியாதவர் தோற்றுப்போவார். அடுத்து, சத்தம். அந்தச் சீறலைக் கேட்டதும் பலர் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவார்கள். பிறகு, எல்லோரும் சுடரைக் குறிவைப்பார்கள். சுடருக்கு நடுவே அடித்தால் பவுடர் வீணாகப் பறந்துவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, எரியும் பொருளின் அடியில், பெருக்குவதுபோல இடமும் வலமும் அடிக்க வேண்டும். இதெல்லாம் பிடிபடுவதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிடும். அப்போதுதான் "இவ்வளவுதானா?" வரும்.

குப்பைக்கூடை அளவுத் தீ என்றால் அந்த ஒன்பது வினாடி போதும். திரைச்சீலை ஏறிக் கூரையைத் தொட்டுவிட்டால் போதாது. முதுகுக்குப் பின்னால் வாசல் இல்லையென்றால் அழுத்தவே தொடங்கக் கூடாது.

தனியாக வசித்த வயதான அம்மா ஒருவர், மகன் வாங்கி வைத்த ஆறு கிலோ சிலிண்டரைக் காட்டி, "தம்பி, எனக்கு இதைத் தரையிலிருந்து தூக்கவே முடியவில்லை, நான் என்ன செய்ய?" என்று கேட்டார். ஆறு கிலோ என்பது பவுடரின் எடை. இரும்போடு சேர்த்தால் ஒன்பது கிலோவுக்குப் பக்கத்தில் வரும். "நீங்கள் எதையும் தூக்க வேண்டாம் அம்மா. வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்" என்றேன். ஆனாலும் ஆசைப்பட்டார் என்று, என் வண்டியில் இருந்த காலாவதியான ஒரு கிலோ சிலிண்டரைக் கொடுத்தேன். பின்னைச் சரியாக முறுக்கி இழுத்தார். அழுத்திக்கொண்டே உரக்க எண்ணினார். ஒன்பதில் நின்றது.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சிலிண்டரை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கட்டிலில் உட்கார்ந்து எழுந்து, தன் வழக்கமான நடையில் வாசலுக்கு நடந்துவந்தார். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"எனக்குப் பதினாறு ஆகிறது, தம்பி."

புதிதாக ஒரு சின்னச் சிலிண்டரை வாசலில் மாட்ட ஐந்து நிமிடம்தான் ஆனது. நடையில் இருந்த தையல் மேசையையும் இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் பின்னறைக்கு நகர்த்தி, கட்டிலைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அந்த வேலைக்கு நான் கூலி வாங்கவில்லை. அவரும் என்னைச் சும்மா விடவில்லை, அது வேறு கதை.

அடுத்த ஆண்டு சோதனைக்குப் போய் மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் என்னை விசாரிக்கவும் இல்லை, உள்ளே வா என்று அழைக்கவும் இல்லை.

"பன்னிரண்டு" என்றார்.