பங்கோர் போகிறவர்களே

"அண்ணே, பங்கோர்ல சாக்லேட் எந்தக் கடையில மலிவு?"

காலையில் பேராக் மாநிலத்து ஆயர் தாவார் ஊரில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். கேட்டவர், பங்கோர் தீவுக்கு லுமுட் துறையில் படகேறப் போகும் கோலாலம்பூர் குடும்பத்து அம்மா.

2020 ஜனவரி 1 முதல் பங்கோர் தீர்வையில்லாத், அதாவது வரியில்லாத், தீவுதான். சரி, வாங்குங்கள். ஆனால் அதே சாக்லேட் இன்னொரு தீர்வையில்லாத் தீவான லங்காவியிலும் உண்டு.

பங்கோரில் வாங்கவேண்டியது நெத்திலி. நன்றாகக் காய்ந்ததை அள்ளினால் சலசலவென்று உதிரும், கையில் ஒட்டாது. இனிப்பும் காரமுமாகச் சாத்தே மீன் என்ற நொறுக்குத்தீனி வேறு.

சாப்பாட்டையும் ரிசோர்ட்டிலேயே முடித்துவிட்டால் மீன் பிடிப்பவனுக்கு என்ன மிஞ்சும்? ஊருக்குள் இருக்கும் சின்னக் கடைகளில் உட்காருங்கள் என்றேன்.

அப்புறம், திரும்பும்போது எனக்கும் அரைக் கிலோ நெத்திலி என்று காசைக் கொடுத்துவிட்டேன்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.