பூட்டுக் காலம்: டோர்செற் நாட்குறிப்பு

செப்டெம்பர் 2, 2024, திங்கள்

லேபர் டே. மத்தியானத்திலிருந்து 35ஆம் பெருந்தெருவில் தெற்கு நோக்கி ஒரே வாகன வரிசை. கூரையில் கயாக், பின்னால் படகு, யன்னலுக்கு வெளியே நாயின் தலை. நாளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது, கோடைகாலம் அவ்வளவுதான். பின்னேரம் பால் வாங்கக் கடைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. காசு வாங்கும் பெண் "இனித்தான் மூச்சு விடலாம்" என்றாள். அவளுக்கு ஓய்வு. எங்களுக்கு இனித்தான் வேலை.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு வடக்கே இருக்கும் ஏரிப் பிரதேசமான மஸ்கோகா என்றால் கோடையில் வாடகைக்கு எடுக்கும் கொட்டேஜ் என்ற விடுமுறை வீடு, பார்பிகியூ, நுளம்பு. டோர்செற் அந்த மஸ்கோகாவின் கிழக்கு ஓரம். லேக் ஒவ் பேஸ் ஏரி ஒடுங்கி ஒரு பாலம் போடும் அளவுக்கு வருகிற இடத்தில் ஊர் இருக்கிறது. ஒரு பாதி மஸ்கோகா, மறுபாதி ஹாலிபர்ட்டன். பாலத்துக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவருக்கும் அந்தப் பக்கத்துக்காரருக்கும் வரி கட்டும் கந்தோர் வேறு. ஏரியைச் சுற்றியுள்ள முழு நகரசபைப் பிரிவிலும் ஆண்டு முழுக்க இருப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். மற்ற வீடுகளுக்கெல்லாம் ஆட்கள் மே மாதம் வந்து இப்போது போகிறார்கள்.

நான் ஸ்காபரோவில் குழாய் வேலை பார்த்தவன். இங்கே ஒரு கிழவருக்கு உதவியாள். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் சரியில்லை. வீடுகளின் அடியில் தவழ்ந்து போக ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

செப்டெம்பர் 14, சனி

பருவத்தின் முதல் பூட்டு. வயதான தம்பதியின் கொட்டேஜ். வழக்கமாக ஒக்டோபரில் வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை வரை இருப்பவர்களாம், இந்த முறை முன்கூட்டியே போகிறார்கள்.

கொட்டேஜைப் பூட்டுவதென்றால் சாவியைத் திருப்பிவிட்டுப் போவதல்ல. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். குழாய்க்குள் ஒரு கையளவு நின்றாலும் ஜனவரியில் செம்பைப் பிளந்துவிடும். அதனால் முதலில் சுடுதண்ணீர்த் தாங்கியின் பிரேக்கரை அணைக்க வேண்டும். அதை மறந்து தாங்கியை வெறுமையாக்கினால் உள்ளே இருக்கும் சூடாக்கி எரிந்துபோகும். பிறகு பம்ப், அழுத்தத் தாங்கி, ஆகக் கீழே இருக்கும் குழாயின் வாய். எல்லாவற்றையும் திறந்து வடியவிட்டுக் கொம்பிரெசரால் காற்று அடிக்க வேண்டும். குசினிக் குழாயிலிருந்து தண்ணீர் முதலில் சீறும், பிறகு துப்பும், பிறகு வெறும் காற்று வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டே எந்தக் கிளையில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்று கிழவர் சொல்லிவிடுவார். கடைசியாகத் தொட்டிகளுக்குக் கீழே வளைந்திருக்கும் குழாய்களிலும் கழிவறைக் கோப்பையிலும் ரோசா நிற உறைகாப்புத் திரவம் ஊற்ற வேண்டும். இது காருக்கு ஊற்றும் நஞ்சு அல்ல, புரொப்பிலீன் கிளைகோல்.

ஏரிக்குள் கிடந்த உறிஞ்சு குழாயை இழுத்துக் கரையில் போட்டேன். தண்ணீர் இன்னும் இளஞ்சூடு. குளிக்கலாம் போலிருந்தது, குளிக்கவில்லை. மணித்தியாலத்துக்குக் காசு வாங்குகிறோம்.

அந்த வீட்டில் சாப்பாட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. ஒவ்வோர் ஆண்டும் ஏரிப் பனி உருகிய நாள், வீட்டைத் திறந்த நாள், பூட்டிய நாள். ஓரத்தில் பேரப்பிள்ளைகளின் உயரக் கோடுகள். வீட்டுக்கார அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்றைய திகதியை எழுதப் போனார். எழுத இடம் முடிந்து, கதவின் கீழ்மூலைக்கு வந்துவிட்டார். குனிய முடியாமல் என்னிடம் பென்சிலைத் தந்தார். "தெளிவாக எழுது, தம்பி" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். தெளிவாகவே எழுதினேன்.

செப்டெம்பர் 28, சனி

படகில் பிக்வின் தீவுப் பக்கம் ஒரு வேலை. தீவுக்குப் பாலம் கிடையாது. கருவிகளை எல்லாம் ஏற்றி இறக்குவதிலேயே முதுகு போய்விட்டது.

இன்றைக்கு அது கோல்ஃப் தீவு. 1920இல் இங்கே திறந்த பிக்வின் இன் அந்தக் காலத்தில் கனடாவின் பேர்போன உல்லாச விடுதிகளில் ஒன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாட்டை விட்டு வந்திருந்த நெதர்லாந்து இளவரசி யூலியானா இங்கே கோடை கழித்திருக்கிறார். விருந்தாளிகள் ரயிலில் ஹன்ற்ஸ்வில் வந்து, நீராவிப் படகு ஏறி, இடையில் இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஓடிய குட்டி ரயிலில் மாறி, மறுபடி படகு ஏறி வந்து சேர்வார்களாம். அந்த ரயில் பாதையின் நீளம் ஒன்றேயரைக்கால் மைல்தான். 1959 வரை ஓடியது. விருந்தாளிகளை ஏற்றிய பிக்வின் படகு, 1910இல் கட்டியது, திருத்தப்பட்டு இப்போதும் கோடையில் டோர்செற் துறையிலிருந்து சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு போகிறது.

எனக்குப் பிடித்த பகுதி இளவரசி அல்ல, முதலாளி. விடுதியைக் கட்டிய சி. ஓ. ஷா ஹன்ற்ஸ்வில்லில் தோல் பதனிடும் ஆலை வைத்திருந்தவர். இந்தக் காடுகளின் ஹெம்லொக் மரப்பட்டையில் தோல் பதனிடும் துவர்ப்பொருள் இருக்கிறது. பட்டையை உரித்துச் செருப்பு அடித்தோல் செய்து சம்பாதித்த காசில்தான் இந்தச் சொகுசு எழும்பியது. அதற்கு முன்னர் வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டார்கள். 1868இல் சட்டம் போட்டுக் குடியேறிகளுக்கு 100 ஏக்கர் வீதம் சும்மா கொடுத்தார்கள். போய்த் தோண்டினால் அரை அடிக்குக் கீழே கருங்கல். பயிர் பிழைத்ததோ இல்லையோ, மீன்பிடிக்க வந்த பட்டணத்துக்காரருக்கு அறை வாடகைக்கு விட்டவர்கள் பிழைத்தார்கள். ஊரின் தொழில் அன்றிலிருந்து மாறவில்லை.

தீவின் பெயர் பிக்வின் என்ற அனிஷினாபே பழங்குடித் தலைவருடையது. அவர்களுடைய நிலம் 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கை என்று எழுதி வாங்கப்பட்டது. வேட்டை, மீன்பிடி உரிமைகளும் அதோடு போயின. 2018இல் அரசு மன்னிப்புக் கேட்டு, 111 கோடி டொலர் இழப்பீட்டுடன் ஏழு சமூகங்களுக்கு அந்த உரிமைகளை ஒப்புக்கொண்டது. தோல் ஆலையைப் பற்றியும் இளவரசியைப் பற்றியும் மணிக்கணக்காய்ச் சொல்லும் கிழவர் இதை மட்டும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

தாங்க்ஸ்கிவிங். நாளைக்குத்தான் விடுமுறை நாள் என்றாலும் ஊர் நேற்றே நிரம்பிவிட்டது. எல்லாருக்கும் போக வேண்டிய இடம் மலை உச்சியிலுள்ள கோபுரம். 1922இல் காட்டுத்தீ பார்ப்பதற்காகக் கட்டினார்கள், இப்போது நிற்பது 1967இல் எழுப்பியது, 30 மீற்றர். காற்று அடித்தால் ஆடும். செம்மேப்பிள்கள் ஏற்கெனவே இலை கொட்டிவிட்டன. மேலே ஏறியவர்களுக்கு இந்தக் கிழமை மஞ்சள்தான் மிச்சம். ஆனாலும் கார் நிறுத்த இடமில்லை.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்துத் தம்பி ஒருவர் பெருந்தொற்றுக் காலத்தில் இங்கே கொட்டேஜ் வாங்கினவர். தமிழ் ஆள் ஒருவர் குழாய் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார். சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான். இருபது பேருக்குக் குறையாத கூட்டம். டெக்கில் காஸ் அடுப்பு, தகடு, கொத்து அடிக்கிற சத்தம் ஏரிக்கு அக்கரை போய் எதிரொலித்தது. அவருடைய மாமியார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னிடம் விசாரித்தார்.

"தம்பி, இந்த வீடுகளெல்லாம் மாரியிலை சும்மாவோ கிடக்கும்?"

"ஓம் அம்மா. மே வரைக்கும்."

"களவு போகாதோ?"

"அவ்வளவாய் இல்லை. எலிதான் வரும்."

"ஆறு மாசம் ஆளில்லாமல் கிடக்க இவ்வளவு பெரிய வீடு," என்றவர், மருமகன் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "நீங்கள் எங்கை தம்பி இருக்கிறியள்?"

கராஜுக்கு மேலே ஓர் அறை என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை, கொத்தில் இன்னொரு அகப்பை போட்டார். இந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவனுக்கு வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. காலி வீடுகளுக்கோ குறைவில்லை.

தம்பியிடம் எப்போது பூட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"பூட்டேல்லை அண்ணை. கிறிஸ்மஸுக்கும் வருவம். ஹீற்றிங்கைப் பத்து டிகிரியிலை விட்டிட்டுப் போவன். எல்லாம் ஃபோனிலையே பாக்கலாம், குளிர் இறங்கினால் மெசேஜ் வரும்."

"கரண்ட் போனால்?"

"போனாலும் ஒண்டு ரெண்டு மணித்தியாலம்தானே."

வீட்டுக்கு அடியில் குழாய் போகிற இடத்தைக் காட்டினேன், காப்புப் போர்வை பாதியில் கிழிந்து தொங்கியது. படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

நல்ல வெயில். ஏரி இறங்கியிருக்கிறது. கரைக் கற்களில் பழைய நீர்மட்டம் கறுத்த கோடாகத் தெரிகிறது. ஆழம் குறைந்த குடாக்களில் படகுத்துறைகள் சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ரொறன்ரோவிலிருந்து ஒருவர் கிழவரைத் தொலைபேசியில் பிடித்து, ஏரியை யார் கொண்டுபோனது என்று சண்டை.

ஒருவரும் கொண்டுபோகவில்லை, பேஸ்வில் அணைக்கட்டில் திறந்துவிட்டார்கள். காட்டு ஏரி என்று நாம் படம் எடுக்கும் இதன் நீர்மட்டம், மேற்குக்கரை முனையில் மரக்கட்டைகளைத் தூக்கி இறக்கி வைத்திருக்கும் மட்டம். அங்கிருந்து மஸ்கோகா ஆற்றின் தென்கிளை பிரேஸ்பிரிட்ஜ் பக்கம் இறங்குகிறது. வசந்தத்தில் பனி உருகி வரும் வெள்ளத்துக்கு இப்போதே இடம் ஒதுக்கினால்தான் உண்டு. அப்படி ஒதுக்கியும் 2019 ஏப்ரலில் பிரேஸ்பிரிட்ஜும் ஹன்ற்ஸ்வில்லும் வெள்ளத்தில் நின்றன.

ஊரில் இரணைமடுக் குளத்தின் துருசு, அதாவது மதகு, திறக்கும் நாளில் கீழே வயல்காரர் ஒரு கதை, மேலே மீன்பிடிக்காரர் ஒரு கதை சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கும் அதே வழக்குத்தான், வாதிகள்தான் வேறு. இங்கே மீனுக்கும் ஒரு பங்கு உண்டு. லேக் ட்றவுட் இலையுதிர் காலத்தில் கரையோரக் கற்திட்டுகளில் முட்டை போடும். அந்த முட்டை பனிக்குக் கீழே மாரி முழுக்கக் கிடக்க வேண்டும். முட்டை போட்ட பிறகு ஏரியை இறக்கினால் முட்டை வெளியில் தெரிந்து உறைந்துபோகும். ஆகவே மீன் வருவதற்கு முன்னரே இறக்கிவிட வேண்டும். கிழவர் இதைப் பொறுமையாக விளக்கினார். மறுமுனையில் இருந்தவர் தன்னுடைய படகைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 3, ஞாயிறு

மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்தாயிற்று. ஐந்தரைக்கே இருட்டு. இந்தக் கிழமை வேலை கூட, எழுத நேரமில்லை. உறைகாப்புத் திரவம் பெட்டி பெட்டியாய்ப் போகிறது.

நவம்பர் 16, சனி

லூன் பறவை ஒன்று இன்னும் நிற்கிறது. ஒரு டொலர் நாணயத்தில் இருக்கும் அதே பறவை, ஆனால் இதற்குக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் இல்லை. சாம்பல் உடம்பு, இந்த ஆண்டுக் குஞ்சு. தாய் தகப்பன் முன்னரே அத்திலாந்திக் கரைக்குப் போய்விடுமாம், குஞ்சுகள் பின்னால் தாமாகவே வழி கண்டு போக வேண்டும். ஆழத்துக்கு முக்குளிக்க ஏற்ற கனத்த எலும்பு அதற்கு. அதனால் எழும்பிப் பறக்கத் தண்ணீரில் நீண்ட தூரம் ஓட வேண்டும். குடா உறைந்து ஓடுபாதை சுருங்கினால் மாட்டிக்கொள்ளும். கிழவர் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அதையே பார்த்துக்கொண்டு "போடா, போ" என்று ஆங்கிலத்தில் திட்டினார். அவருடைய மகன் கல்கரியில்.

நவம்பர் 30, சனி

வெள்ளிக்கிழமை தொடங்கிய பனி நிற்கவில்லை. ஜோர்ஜியன் குடாவின் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு மேலாகக் குளிர்காற்று வந்து, ஈரத்தை அள்ளிக்கொண்டு ஒரே வரிசையில் கொட்டுகிறது. கிரேவன்ஹேர்ஸ்ற் பக்கம்தான் மோசம். 11ஆம் பெருந்தெரு பூட்டு, ஆட்கள் வாகனங்களுக்குள்ளேயே இரவு கழித்திருக்கிறார்கள். எங்களுக்கும் கரண்ட் இல்லை. ஈரப் பனியின் பாரத்தில் மரங்கள் கம்பிகள் மேல் முறிந்து விழுகின்றன. கிழவர் வீட்டில் விறகடுப்பு இருப்பதால் அங்கே போய்விட்டேன். அவருடைய மனைவி எனக்குச் சூப், நான் அவர்களுக்கு இஞ்சித் தேநீர். ஃபோன் பற்றரியைச் சேமிக்க அணைத்து வைத்திருக்கிறேன்.

டிசெம்பர் 4, புதன்

கிரேவன்ஹேர்ஸ்றில் அவசரநிலை அறிவித்திருந்தார்கள். எங்கள் பக்கம் பாதை ஓரளவு திறந்ததும் மார்க்கம் தம்பியின் வீட்டுக்குப் போனோம். ஞாயிறு முதல் அவருடைய ஃபோனில் "தொடர்பு இல்லை" என்றுதான் வந்துகொண்டிருந்ததாம். கரண்டும் இல்லை, இன்ரர்நெற்றும் இல்லை, எச்சரிக்கை எப்படிப் போகும்?

வாசல் பனியை வெட்டவே அரை நாள். பாதிப்பு நான் காட்டிய அதே இடத்தில்தான், போர்வை கிழிந்த முழங்கை வளைவு. விரல் நீளத்துக்குப் பிளவு. கரண்ட் திரும்பி வந்ததும் பம்ப் தன் கடமையைச் செய்திருக்கிறது. குசினித் தரைப்பலகை முழுக்க ஊறி நடுவில் மேடு தட்டியிருந்தது. அலுமாரிகளின் கால்கள் உப்பிவிட்டன.

கிழவர் பிரேக்கரை அணைத்தார், நான் அடியில் தவழ்ந்துபோய்ப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே அழைப்பு.

"அண்ணை, கிறிஸ்மஸுக்கு ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன். அதுக்குள்ளை சரிவருமோ?"

"தண்ணி இரண்டு நாளிலை குடுக்கலாம் தம்பி. தரை ஏலாது."

"தரையை விடுங்கோ, பாய் போடுவம்."

காப்புறுதிக்காரர் வந்து பார்க்கும்வரை ஒன்றையும் கழற்ற வேண்டாம் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் இறங்கி, மாமியாருக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்றார். என்னிடம் அவருடைய இலக்கமே இல்லை.

நாளைக் காலை ஹன்ற்ஸ்வில் போய்க் குழாயும் இணைப்புகளும் வாங்க வேண்டும். போர்வையும்தான், இந்த முறை தடித்தது. அதற்குப் பிறகு இன்னும் மூன்று வீட்டுக்காரர் காத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கிறிஸ்மஸுக்கு முன்னர்தான் வேண்டுமாம்.