வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லலாமா?

பார்சல் வந்துவிட்டது என்று போனில் ஒரு படம் வரும். நம் வீட்டுக் கதவு, மிதியடி, அதன்மேல் மழையில் நனையும் பெட்டி. கதவைத் திறப்பதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும். "ஒரு வாய் தண்ணி குடிக்கியளா தம்பி" என்று கேட்கக்கூட ஆள் இல்லை. இங்கிலாந்துக்கு வரும் நெல்லைக்காரர்களுக்கு இது முதலில் சுருக்கென்றுதான் இருக்கும்.

வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி ஆர்டர் போட்ட குக்கர் கேஸ்கட் பல நேரம் மறுநாளே வந்துவிடும். முகவரிக்கு வீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் கிட்டத்தட்டப் போதும். ஒரு குறியீட்டுக்குள் சராசரியாகப் பதினைந்து வீடுகள்தான். 627002 என்றால் பாளையங்கோட்டையில் எத்தனை தெருவோ!

நம்மைக் கவிழ்ப்பது நம் ஊர்ப் பழக்கம்தான். "ஆள் இல்லேன்னா பக்கத்து வீட்ல குடுத்துருங்க" என்று வாய் தானாகச் சொல்லும். ஆர்டர் போடும்போது 'பக்கத்து வீடு', 'பாதுகாப்பான இடம்' என்று ஒரு கட்டம் வரும். நல்ல மனசோடு அதை நிரப்பிவிடுவோம். இங்கே 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் நம் கைக்கோ நாம் குறித்த ஆளின் கைக்கோ வரும்வரை பொறுப்பு விற்றவருடையது. நாமே இடத்தைச் சொல்லி, அங்கிருந்து பெட்டி காணாமல் போனால் நம் பக்கம் வழக்கு இளைத்துவிடும். சொல்லாத இடத்தில் அவர்களாக வைத்துவிட்டுப் போனால் விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கட்டத்தைக் காலியாக விடுங்கள். பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்றால் பக்கத்துக் கடையிலோ லாக்கரிலோ எடுத்துக்கொள்ளும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

"கூரியர்காரங்ககிட்ட கேளுங்க" என்று விற்றவர் தள்ளிவிடப் பார்ப்பார். அசையாதீர்கள், நம் ஒப்பந்தம் அவரோடுதான். போனைவிட சாட் நல்லது, பேசியது எழுத்தில் நிற்கும். ஆர்டர் எண், தேதி, அவர்கள் எடுத்த படம், 'நான் எந்த இடத்தையும் குறிக்கவில்லை' என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். உடைந்து வந்தால் பெட்டியையும் லேபிளையும் படம் எடுத்த பிறகே பிரித்துப் போடுங்கள். பழுதான பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணமும் கேட்கலாம். மனசு மாறினால் கைக்கு வந்து 14 நாளுக்குள் ரத்து செய்யலாம்; திருப்பி அனுப்ப இன்னொரு 14 நாள் உண்டு. சீக்கிரம் கெடும் தின்பண்டத்துக்கு இந்த ரத்து கிடையாது. நெய் வழியும் அல்வாவில் கை வைத்தபின் யார் திருப்பி அனுப்பப் போகிறார்கள், அது வேறு கதை. 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் வங்கியும் சேர்ந்து பொறுப்பு.

ஊரிலிருந்து பத்தமடைப் பாய் வருகிறதா? வீட்டார் அனுப்பும் அன்பளிப்புக்கு 39 பவுண்டு வரை வாட் வரி இல்லை. நாம் பணம் கட்டி, கடையே நேராக அனுப்பினால் அது அன்பளிப்பு ஆகாது.

இதெல்லாம் பழகிவிட்டது, இனி ஊர் முறை வேண்டாம் என்று சொல்லிக்கொள்வோம். அம்மாவுக்கு மிக்ஸி அனுப்பும்போதுதான் மறுபடி பாளையங்கோட்டைக்குப் போய் நிற்போம். அங்கே போன்நம்பர்தான் முகவரி. "ஆச்சி, பார்சல் வந்திருக்கு, எங்கன இருக்கிய?" "வேப்பமரத்தடிலயே நில்லுப்பா, வாரேன்." நம் லண்டன் நம்பரைப் போட்டால் அங்கே காலை 11 மணிக்குக் கேட்கும் ஓ.டி.பி. பனிக்காலத்தில் நமக்கு விடியற்காலை ஐந்தரைக்கு வரும்; தூக்கத்தில் தவறவிட்டால் மிக்ஸி திரும்பிப் போய்விடும். அம்மா நம்பரையே போடுங்கள். அடையாளம் எழுதும் கட்டத்தில் வேப்பமரத்தையும், அதை ஒட்டிய டீக்கடையையும் மறக்காமல் சேருங்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தால் பெட்டியை வாங்கி வைப்பது அந்தக் கடைக்கார அண்ணாச்சிதான்.