மசாலாப் பையை எடை போட்ட கதை

ஈரோட்டுக்கு அருகே மஞ்சள்தூளும் மசாலாத்தூள்களும் அரைத்து விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைக் கவனித்துவருகிறேன். 2022-23ஆம் நிதியாண்டில் எங்கள் விற்பனை முதன்முறையாக 50 கோடி ரூபாயைத் தாண்டியது. முதலாளி எல்லோருக்கும் இனிப்பு வழங்கினார். பின்னர், அன்றைய விற்பனை வரம்பின்படி, நிறுவனத்தின் அளவைக் காட்டும் அரசுப் பதிவான உத்யம் சான்றிதழில் ‘சிறு நிறுவனம்’ என்றிருந்தது ‘நடுத்தர நிறுவனம்’ என்று மாறியபோதுதான், கூடவே ஒரு புதிய கடமையும் வந்து சேர்ந்திருப்பதைத் தணிக்கையாளர் எடுத்துச் சொன்னார். 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2022 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், தன் பெயரிட்டுப் பொருளை விற்கும் குறு, சிறு நிறுவனங்களை விட்டுவிடுகின்றன. நடுத்தர நிறுவனத்தை விடுவதில்லை. சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக் உறைகளின் எடைக்கு ஈடான கழிவு மறுசுழற்சிக்கோ முறையான அகற்றலுக்கோ போய்ச் சேர்ந்தது என்று ஆண்டுதோறும் நாங்கள் கணக்குக் காட்ட வேண்டும். இதைத்தான் ஈ.பி.ஆர்., அதாவது நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு, என்கிறார்கள்.

நாங்கள் யார் என்பதிலேயே முதல் குழப்பம். மசாலாவை உற்பத்தி செய்பவர்கள் என்பதால் பதிவு விண்ணப்பத்தில் ‘உற்பத்தியாளர்’ என்று குறிக்கப்போனேன். ஆனால் இந்த விதிகளில் உற்பத்தியாளர் என்பவர் பையைத் தயாரிப்பவர். அதில் தன் பெயரை அச்சிட்டு விற்கும் நாங்கள் ‘பிராண்டு உரிமையாளர்’. ஒன்றிரண்டு மாநிலங்களில் மட்டும் விற்றிருந்தால் கிண்டியிலுள்ள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு வேலை முடிந்திருக்கும். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் சரக்கு போவதால் டெல்லியிலுள்ள மத்திய வாரியத்திடம் பதிய வேண்டியதாயிற்று. எங்கள் பிளாஸ்டிக் ஆண்டுக்கு 1,000 டன்னுக்குக் குறைவு என்பதால் கட்டணம் 10,000 ரூபாய்தான். பான், ஜி.எஸ்.டி. ஆவணங்களைப் பதிவேற்றுவதும் பெரிய வேலையன்று.

எடையைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முந்தைய இரண்டு நிதியாண்டுகளின் சராசரியை வகைவாரியாகக் கொடுக்க வேண்டும். எங்கள் கொள்முதல் ஏடுகளோ அதற்காக எழுதப்பட்டவையல்ல. அச்சிட்ட பிலிம் சுருளாகக் கிலோ கணக்கில் வருகிறது. அந்த எடையில் நடுவிலிருக்கும் அட்டைக் குழலும் அடங்கும். ஜாடிகள் எண்ணிக்கையில் வருகின்றன. மூடிக்குத் தனி பில். ஆகவே ஒவ்வோர் அளவிலும் நூறு ஜாடிகளை மூடியோடு கிடங்குத் தராசில் வைத்துச் சராசரி கண்டோம். காலிக் குழல்களையும் எடை போட்டுக் கழித்தோம். இருபது ஆண்டுகளாக மிளகாய் வற்றலின் ஈரப்பதத்தைக் கூட விட்டுவைக்காத எங்கள் கொள்முதல் பிரிவுக்கு, ஒரு 100 கிராம் மல்லித்தூள் பை எத்தனை கிராம் என்பது அன்றுவரை தெரியாது. அட்டைப்பெட்டிகளைச் சுற்றும் பிலிமும் ஒட்டுநாடாவும் பிளாஸ்டிக்தான் என்பது இரண்டாம் வாரத்தில்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்து, வகை பிரிப்பதில் தவறினேன். பைகளை எல்லோரும் ‘மல்டி லேயர்’ என்றே சொல்வதால் அத்தனையையும் மூன்றாம் வகையில் சேர்த்துவிட்டேன். விளக்கம் கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. பாலியெஸ்டரும் பாலித்தீனும் ஒட்டிய பையில் எத்தனை அடுக்குகள் இருந்தாலும், எல்லாம் பிளாஸ்டிக் என்பதால் அது இரண்டாம் வகை. அலுமினியத் தாள் போலப் பிளாஸ்டிக் அல்லாத அடுக்கு ஒன்று இருந்தால்தான் மூன்றாம் வகை. ஜாடி போன்ற கெட்டியான பிளாஸ்டிக் முதல் வகை. அச்சகத்திடம் ஒவ்வொரு பையின் அடுக்கு விவரத்தையும் எழுத்தில் வாங்கித் திருத்தியபோது இரண்டாம் வகை 62 டன், மூன்றாம் வகை 18 டன், முதல் வகை 9 டன் என்று கணக்கு நின்றது. இந்தப் பிரிவினை வெறும் சம்பிரதாயமன்று. இவ்வளவு கழிவு மறுசுழற்சியானது என்று ஆலை தரும் சான்றிதழைக் காட்டித்தான் கடமையை நிறைவேற்ற வேண்டும்; ஒரு வகையின் சான்றிதழால் இன்னொரு வகையின் கடனை அடைக்க முடியாது.

சான்றிதழ்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து வாங்க வேண்டும். ஆலோசகர் ஒருவர், வகை பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், ‘மொத்தம் 89 டன், ஒரே விலை’ என்று மிக மலிவாக எழுதிக்கொடுத்தார். ஆலைகளின் போலிச் சான்றிதழ்கள் மத்திய வாரியத்தின் தணிக்கையில் லட்சக்கணக்கில் பிடிபட்ட செய்தியைப் படித்திருந்ததால் விலகிக்கொண்டோம். முடிந்தால் ஆலைக்கே நேரில் போய் உள்ளே வரும் கழிவையும் மின்கட்டண ரசீதையும் பாருங்கள் என்று இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்வேன். நாங்கள் போனோம், அரை நாள் செலவு, அவ்வளவுதான். கடமை தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டியபின்னும் கடன் தீராது. ஓராண்டுக்குள் நிறைவேற்றினால் இழப்பீட்டில் 75 சதவீதம் திரும்பக் கிடைக்கும், இரண்டாம் ஆண்டில் 60, மூன்றாம் ஆண்டில் 40. ஆண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் ஜூன் 30 என்பதால் சான்றிதழ் தேடுவதை ஜூன் வரை தள்ளிப்போட வேண்டாம்.

2024-25 முதல் இரண்டாம், மூன்றாம் வகைகளில் குறைந்தது 30 சதவீதம் மறுசுழற்சியாகவே இருக்க வேண்டும். அந்த அளவு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி 60இல் நிற்கும். மீதிக் கழிவு சிமெண்ட் சூளையிலோ சாலை போடுவதிலோ சேரலாம். நாங்கள் போன ஆலையில் அலுமினியத் தாள் ஒட்டிய பைகளைத் தனியே ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் சாம்பார்பொடிப் பையும் அந்தக் குவியலில் கிடந்தது. திரும்பி வந்ததும் அலுமினியம் இல்லாத பைக்கு மாதிரி கேட்டோம். ஆறு மாதம் கழித்தும் மணம் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக, தேதி எழுதிய பன்னிரண்டு பைகள் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.