பெத்லகேமில் வைக்கோல் தேடிய பிள்ளை

கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கிய நாளிலிருந்தே, இயேசு பிறப்பைக் காட்ட எங்கள் வீட்டில் அமைத்த குடிலில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் தாங்கள் செய்யும் ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் என்ற கணக்கில், வெறுமையாக இருக்கும் தீவனத்தொட்டியில் இட்டு வருவார்கள். கிறிஸ்து பிறப்பு இரவில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை அதில் கிடத்தும்போது படுக்கை மெத்தென்று இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வைக்கோல் கிடைக்காததால் மஞ்சள் காகிதத்தை மெல்லிய இழைகளாக நறுக்கி வைத்திருந்தோம். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு யாத்திரைக் குழுவுடன் பெத்லகேமுக்குப் புறப்படும் நாள் வந்தபோது, இந்தக் கணக்கு பாதியில் நின்றுவிடுமே என்று எட்டு வயது மகள் கவலைப்பட்டாள். நான்கு வயது மகனுக்கு அந்தக் கவலை இல்லை. இழைகள் அனைத்தையும் அள்ளி ஓர் உறைக்குள் போட்டுக்கொண்டான். உண்மையான தீவனத்தொட்டி இருக்கும் ஊருக்கே போகிறோம் என்றால், அங்கேயே போட்டுவிடலாமே என்பது அவன் எண்ணம். அதை மறுத்துச் சொல்ல எனக்கும் என் கணவருக்கும் மனம் வரவில்லை.

எருசலேமிலிருந்து தெற்கே சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பெத்லகேம். சாலை மேட்டில் ஏறி இறங்கிப் போகும்போது உயரமான கற்காரைச் சுவர் ஒன்று எதிரே வந்து நிற்கிறது. அதைக் கடந்துதான் ஊருக்குள் போக வேண்டும். அந்தச் சுவரை ஒட்டியே ராகேலின் கல்லறை இருக்கிறது. யாக்கோபின் மனைவியாகிய ராகேல் பயண வழியில் பென்யமினைப் பெற்றெடுத்து இறந்ததாகத் தொடக்க நூல் சொல்கிறது. பிள்ளைப்பேற்றுக்காக ஒருத்தி வழியில் வருந்திய அதே சாலையில்தான், பல நூற்றாண்டுகளுக்குப் பின் நிறைமாதக் கர்ப்பிணியான மரியாவும் வந்தார் என்று எண்ணியபோது, தூங்கிக்கொண்டிருந்த மகனின் தலையை நான் இன்னும் சற்று இறுக்கமாக மடியில் அணைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 23ஆம் நாள் காலையில், இயேசு பிறந்த இடமாக வணங்கப்படும் குகையின் மேல் நிற்கும் பிறப்புப் பேராலயத்துக்குச் சென்றோம். பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில், அவருடைய தாயார் புனித எலேனாவின் முயற்சியோடு எழுந்து 339இல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயம் அது. பின்னர் அது பாழ்பட்டபோது ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் மீண்டும் கட்டியெழுப்பிய கட்டடமே இன்றும் நிற்கிறது. இவ்வளவு பழைமையான ஆலயத்துக்கு வாயில் என்று பார்த்தால், தடித்த கற்சுவரில் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரமே உள்ள ஒரு சந்து. குதிரையேறியும் வண்டியோட்டியும் உள்ளே நுழைந்துவிடாதபடி அதைக் குறுக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. பழைய பெரிய வாயிலின் விட்டமும், சிலுவைப் போர்க் காலத்தின் கூர்முனை வளைவும், அவற்றுக்குள் அடைந்து கிடக்கும் இந்தச் சிறிய திறப்பும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுவரிலேயே தெரிகின்றன. குனியாமல் இதற்குள் போக முடியாது என்பதை அங்கு சென்று வந்த எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் கூடுதலாகச் சொல்வதற்கு ஒன்றே உண்டு. எங்களில் என் மகன் மட்டும் குனியவில்லை. அவன் உறையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டு வாசலில் நுழைவதுபோல நிமிர்ந்து நடந்து உள்ளே போய்விட்டான்.

உள்ளே வரிசை நீளமாக இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். சிறு பிள்ளைகளுடன் திருத்தலப் பயணம் செய்பவர்கள் இந்த நேரத்தைத்தான் அஞ்சுவார்கள். ஆனால் அந்த ஆலயமே பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டியது. 2013இல் தொடங்கிய சீரமைப்புப் பணியில், மெழுகுவர்த்திப் புகையும் தூசியும் படிந்து கறுத்திருந்த பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவர்ச் சித்திரங்களைத் துடைத்தெடுத்திருக்கிறார்கள். கண்ணாடியும் பொன்னும் பதித்த அந்தச் சித்திரங்களில், வெள்ளுடை அணிந்த வானதூதர்கள் சன்னல்களுக்கு இடையே வரிசையாகக் குகையை நோக்கி நடந்து செல்கிறார்கள். ஆறு பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள் என்று எல்லோரும் எண்ணியிருக்க, 2016இல் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த ஏழாவது வானதூதரைச் சீரமைப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். எங்களை அழைத்துச் சென்ற அருட்தந்தை இதைச் சொன்னதும் மகள் எண்ணத் தொடங்கினாள். ஏழாவது வானதூதர் இத்தனை காலம் சுவருக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவள் கேட்டதற்கு, அவரும் நம்மைப் போல வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார் என்றார் அருட்தந்தை. அதன் பிறகு அவள் கால் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. தரையில் ஓரிடத்தில் மரக்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே பழைய ஆலயத்தின் தரைச் சித்திரங்கள் தெரிந்தன.

பீடத்தின் வலப்புறமாக அரைவட்டப் படிகளில் இறங்கினோம். குகை என்று சொன்னாலும், சுவர்களில் சலவைக்கல்லும் திரைச்சீலையும் மூடியிருப்பதால் பாறை எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. கிழக்கு முனையில், பீடத்துக்கு அடியில், பதினான்கு கதிர்கள் கொண்ட வெள்ளி விண்மீன் தரையில் பதிக்கப்பட்டிருக்கிறது. இங்கே கன்னி மரியாவிடமிருந்து இயேசு கிறிஸ்து பிறந்தார் என்ற இலத்தீன் வரி அதைச் சுற்றி ஓடுகிறது. மத்தேயு நற்செய்தியின் மூதாதையர் பட்டியல் பதினான்கு பதினான்கு தலைமுறைகளாக எண்ணப்படுவதை இந்தக் கதிர்கள் நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். மேலே கிரேக்க, அர்மேனிய, இலத்தீன் (உரோமன் கத்தோலிக்க) திருச்சபைகளின் விளக்குகள் எரிகின்றன. முழந்தாளிட்டு, தலையைப் பீடத்துக்கு அடியில் கொண்டுபோய், விண்மீனை முத்தமிட ஒவ்வொருவருக்கும் சில நொடிகளே கிடைக்கும். எனக்குக் கண்ணீர் வந்தது. எதைக் கேட்க வேண்டும் என்று பல மாதங்களாக மனத்தில் எழுதி வைத்திருந்தேனோ அதில் ஒன்றும் நினைவுக்கு வராமல், பிள்ளைகளின் பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

மகன் முத்தமிட்டான். பிறகு எழுந்து நின்று, சுற்றிலும் பார்த்து, சற்று உரக்கவே கேட்டான்: "அம்மா, தொட்டி எங்கேம்மா? இது நட்சத்திரம்தானே?"

பின்னால் இருந்த கூட்டம் எங்களை வெளிப்படிகளை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. பெரும்பாலோர் விண்மீனை முத்தமிட்ட நிறைவோடு அப்படியே ஏறிப் போய்விடுகிறார்கள். அவன் கேட்காமல் இருந்திருந்தால் நாங்களும் போயிருப்போம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விண்மீனுக்குச் சில அடிகள் தள்ளி, மூன்று படிகள் கீழே இறங்கினால், ஒதுக்குப்புறமான ஒரு சிறு மாடம் இருக்கிறது. தீவனத்தொட்டி இருந்த இடமாக வழிவழியாக வணங்கப்படுவது அதுதான். இலத்தீன் திருச்சபையின் பொறுப்பில் இருக்கும் அந்த மாடத்தில், தொட்டிக்கு எதிரே ஞானிகளின் பெயரால் ஒரு சிறு பீடமும் உண்டு. அங்கே கூட்டம் இல்லை. என் கணவர் மகனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மகளும் நானும் பின்தொடர்ந்தோம்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முன்னணை என்றும், இன்றைய மொழிபெயர்ப்பில் தீவனத்தொட்டி என்றும் நாம் வாசிக்கும் அந்த இடம், வழுவழுப்பான சலவைக்கல் பதித்த ஒரு குழிவாக இருந்தது. மகன் அதை வெகுநேரம் பார்த்தான். அவன் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம். "இதுல மாடு எப்படிப்பா சாப்பிடும்? வைக்கோலே இல்லையே" என்றான். உறையைத் திறக்கப் போனவனின் கையை அவன் அப்பா மெல்லப் பற்றிக்கொண்டார். அங்கே எதையும் வைத்துவிட்டு வருவது முறையல்ல என்று காதோடு சொன்னார். அவன் அழவில்லை, உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். மாடத்தின் விளிம்பில் நெற்றி வைத்து நாங்கள் நால்வரும் ஓர் அருள்நிறை மரியே சொன்னோம்.

மேலே வந்து, பேராலயத்தோடு ஒட்டி நிற்கும் புனித கத்தரீன் ஆலயத்தில் அமர்ந்திருந்தபோது, மகன் கேட்டதை அருட்தந்தையிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. அந்த ஆலயத்துக்குக் கீழே இருக்கும் குகைகளை ஒட்டித்தான், 386இல் பெத்லகேமுக்கு வந்து திருவிவிலியத்தை இலத்தீனில் தந்த புனித எரோணிமுஸ் தம் கடைசிக் காலம் வரை வாழ்ந்தார். கிறிஸ்து பிறப்பு நாள் மறையுரை ஒன்றில் அவரும் இதையே சொல்லி வருந்தியிருக்கிறார்: ஆண்டவர் கிடந்த அந்தத் தொட்டியைக் காண முடியவில்லையே, அவருக்குச் செய்யும் மரியாதை என்று மண்தொட்டியை எடுத்துவிட்டு வெள்ளித்தொட்டியை வைத்துவிட்டார்களே, எடுத்துவிட்ட மண்தொட்டிதான் எனக்கு அருமையானது என்பது அவர் சொன்னதன் பொருள். வெள்ளி வைத்தவர்களை அவர் பழிக்கவில்லை. ஆனாலும் பொன்னையும் வெள்ளியையும் பழித்தவர் மண்தொட்டியில் பிறந்தார் என்பதே அவர் நெஞ்சை நிறைத்திருந்தது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் இதே குகைகளின் அருகில் ஒரு மறைவல்லுநர் கொண்ட ஏக்கத்தை என் மகன் நான்கு வயதில், தன் சொற்களில், கூட்டத்தின் நடுவே சொல்லியிருக்கிறான் என்று கேட்டபோது, சற்று முன்பு அவனை வெளியே இழுக்கப் பார்த்த என் அவசரத்தை நினைத்து வருந்தினேன்.

அந்த ஆலயத்திலேயே அவனுக்கு ஓர் ஆறுதலும் கிடைத்தது. தீவனத்தொட்டியின் மரத்துண்டுகள் என்று வணங்கப்படுபவை பல நூற்றாண்டுகளாக உரோமையில், புனித மரியா பேராலயத்தில் உள்ளன. அவற்றிலிருந்து விரல் அளவே உள்ள ஒரு துண்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 நவம்பர் இறுதியில் பெத்லகேமுக்குத் திருப்பி அனுப்பினார். அந்தத் துண்டை மகனிடம் காட்டினோம். "இது மரம்" என்று நிறைவோடு சொன்னான்.

மாலையில் பெத்லகேமுக்குக் கிழக்கே பெய்த் சாகூரில் இருக்கும் இடையர் வயலுக்குப் போனோம். கட்டடக் கலைஞர் அந்தோனியோ பர்லூசி வடிவமைத்த சிற்றாலயம், இடையரின் கூடாரம்போலச் சரிந்த சுவர்களோடு நிற்கிறது; குவிமாடத்தில் விட்டிருக்கும் துளைகள் வழியே ஒளி விண்மீன்களைப்போலச் சொட்டுகிறது. உள்ளே ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் மொழியில் பிறப்புப் பாடல் பாடிவிட்டு அடுத்த குழுவுக்கு இடம் விடுகிறது. எங்கள் முறை வந்தபோது தமிழில் பாடினோம். குவிமாடம் குரலைத் திருப்பித் தந்ததைக் கேட்ட பிள்ளைகள், மேலே வேறு பிள்ளைகளும் பாடுகிறார்கள் என்று நம்பினார்கள்.

மறுநாள், 24ஆம் தேதி, நண்பகல் முதலே பேராலயத்துக்கு முன்னுள்ள சதுக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டோம். பெரிய கிறிஸ்துமஸ் மரம், அதன் அருகே குடில், எங்கு பார்த்தாலும் பெற்றோரின் தோளில் ஏறி அமர்ந்த பிள்ளைகள். பாலஸ்தீனச் சாரணர் இயக்கப் பிள்ளைகள் பறையும் துருத்திக்குழலும் முழங்க அணி அணியாக வந்தார்கள். அவர்களுக்குப் பின் எருசலேமிலிருந்து வந்த இலத்தீன் முதுபெரும் தந்தை, அதாவது அங்குள்ள கத்தோலிக்கரின் தலைமை ஆயர், கூட்டத்தின் நடுவே நடந்து வந்து குழந்தைகளை ஆசீர்வதித்தார். பெத்லகேமுக்குக் கிறிஸ்து பிறப்பு மும்முறை வருகிறது என்பதும் பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது: டிசம்பர் 25 இலத்தீன் திருச்சபைக்கு, ஜனவரி 7 கிரேக்க மரபினருக்கும் வேறு சில கீழைத் திருச்சபைகளுக்கும், ஜனவரி 19 அர்மேனியருக்கு. மூன்று முறையும் இருந்துவிட்டுப் போகலாம் என்றாள் மகள்.

அந்தச் சதுக்கத்தை இன்று நினைக்கும்போது மனம் கலங்குகிறது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் காசாப் போரின் துயரால் அங்கே மரம் வைக்கப்படவில்லை. அந்தச் சாரணப் பிள்ளைகளின் முகங்களை நினைத்து எங்கள் வீட்டில் அந்த ஆண்டுகளில் தனியாக ஒரு வேண்டுதல் சொன்னோம்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு முன்கூட்டியே பெற்ற அனுமதிச்சீட்டு வேண்டும். குழுவில் சிலர் சென்றார்கள். குளிரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது முடியாது என்பதால், நாங்கள் விடுதி அறையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். அன்று பகலில் வாங்கியிருந்த ஒலிவ மரக் குடிலை மேசையில் வைத்தோம். மகன் ஒன்றும் பேசாமல் சட்டைக்குள் இருந்த உறையை எடுத்து, கசங்கிப்போன மஞ்சள் இழைகளை ஒவ்வொன்றாக நீவி, அதன் தொட்டிக்குள் அடுக்கினான். அடுக்கி முடித்த இடத்திலேயே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான்.

நள்ளிரவில் மணிகள் ஒலித்தன. சன்னல் வழியாக மணியோசை முதலில் வந்தது. தொலைக்காட்சியில் அது சில நொடிகள் கழித்தே ஒலித்தது. திருப்பலியின் முடிவில் முதுபெரும் தந்தை குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் கைகளில் ஏந்திக் குகைக்குள் இறங்கினார். முதலில் விண்மீனின் மேல் கிடத்தி, பிறகு எடுத்துச் சென்று அந்த மூன்று படிகளுக்குக் கீழே தொட்டியில் கிடத்தினார். "அம்மா, தம்பி கேட்ட இடம்" என்றாள் மகள். எழுந்து சென்று, தம்பியின் தலைக்கு அருகே இருந்த குடிலில், காகித இழைகள் கலையாதபடி ஒலிவ மரக் குழந்தையைக் கிடத்தினாள்.

காலையில் கண் விழித்தவன் நேரே மேசைக்குப் போனான். குழந்தையைத் தூக்கி அடியில் பார்த்தான், இழைகள் இருந்தன. "குத்துச்சாக்கா பாப்பாவுக்கு?" என்று கேட்டான்.

"காகிதம்தானே. குத்தியிருக்காது" என்றாள் அக்காள்.