கட்டம் போட்ட நோட்டு

மதியம் கோலாலம்பூர் கோத்தா ராயாவில் பணம் அனுப்பும் கவுண்டர் வரிசை. எனக்கு முன்னால் ஒரு வங்காளதேசத் தம்பி.

கையில் சின்ன நோட்டு. பக்கம் முழுக்கப் பேனாவால் போட்ட கட்டங்கள். பணம் கட்டியதும் ஒரு கட்டத்தை அடித்தார்.

"ஹுத்தாங் ஏஜென், கக்."

வேலைக்கு அழைத்து வந்த ஏஜென்ட்டுக்குக் கட்டும் கடன். இன்னும் 11 கட்டம் பாக்கி.

அடித்த இடங்களில் தாள் கிழியும் அளவுக்குப் பேனா அழுந்தியிருந்தது.

தோட்டத்துக் கங்காணிக் கடனைப் பற்றிப் பாட்டி சொன்னது ஞாபகம் வந்தது. வேலைக்கு வந்ததற்கே கடன்.

2020 ஜூலையில், மலேசியக் கையுறை நிறுவனமான டாப் குளோவின் இரண்டு துணை நிறுவனங்களின் கையுறைகளை, கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா தடுத்தது. 2021 ஜனவரியில் பங்குதாரரான பிளாக்ராக் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், தொழிலாளர் நலனைக் காரணம் காட்டி இயக்குநர்கள் சிலரின் மறுநியமனத்தை எதிர்த்து வாக்களித்தது. அவர்கள் திரும்பவும் தேர்வானார்கள், சரி. ஆனால் அமெரிக்கத் தடைக்குப் பிறகு, தொழிலாளர்கள் ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. அந்த செப்டம்பரில் தடை நீங்கியது.

நம் ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பணத்திலும் ஒரு பகுதி பங்குகளில்தான் இருக்கிறது. அப்படியானால் நாமும் முதலீட்டாளர்கள்தானே? ஆள் எடுத்த செலவை யார் தலையில் கட்டினீர்கள் என்று அந்த நிறுவனங்களை நாமும் கேட்கலாம். நான் இன்றிரவே எழுதிக் கேட்கப் போகிறேன்.

அந்தத் தம்பி நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.